அறுபதைத் தாண்டாத முள்

நடந்தது அத்தனையும் நான் முன்பே சொன்னதுதான். கடையில் காரின் முதல் சக்கரத்துக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: "மாப்ள, இது வேணாம். இந்தச் சக்கரம் உங்கள வீடு கொண்டுவந்து சேக்காது." சின்னாளப்பட்டியிலும் திண்டுக்கல்லிலும் இதைத் தெரியாதவர்கள் இப்போது கிடையாது. துக்க வீட்டில் நான் சொன்னேன். கேட்டவர்கள் வாசலில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். அவர்கள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள். இன்று டீக்கடைக்கு நான் போனால், "சொன்ன வாக்கு பலிச்ச ஆளு வாராருப்பா" என்று பெஞ்சில் இடம் விடுகிறார்கள்.

செய்தி வந்த காலையில் நான் ரெட்டியார்சத்திரத்தில் என் வீட்டு வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தேன். செல்போனில் என் தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளையின் பெயர் வந்தது. அவர் அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை. எடுத்தால் வேறு குரல்.

"அண்ணே, இந்தப் போன்ல கடைசியாப் பேசுனது மச்சான்னு ஒரு நம்பரு. அது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நான் நிலக்கோட்டைக்குப் பூ ஏத்திட்டுப் போற வேன்காரன். வெள்ளக் காரு உங்க ஆளுகளுதா?"

கையிலிருந்த குழாயை மூட மறந்து நின்றிருக்கிறேன். என் மனைவி வந்து பார்க்கும்போது வாசல் முழுக்கத் தண்ணீர் நின்றதாம்.

படத்திறப்பு அன்று வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று சின்னாளப்பட்டி ஜவுளிக்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். படத்தின் மேல் போட்ட துணியை விலக்கப்போவதும் நானே என்று முடிவு செய்திருக்கிறார்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் எட்டை இரண்டு வருடம் படித்ததால் மற்றவர்களைவிட ஆழமாகப் படித்தவன் என்று தைரியமாகச் சொல்லலாம். லாரி ஓட்டி நாக்பூரும் கட்டாக்கும் பார்த்தவன். டயரை முகர்ந்தே அது எந்த ஊர் ரோட்டில் தேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். நாக்பூரில் ஒரு சர்தார் இதற்காகவே என்னைக் கட்டிப்பிடித்திருக்கிறார்.

இறந்தவர் தங்கவேலு, என் தங்கை பாக்கியத்தின் கணவர். உங்களில் பாதிப்பேருக்கு அவர் சுங்குடிச் சேலை வியாபாரி. சின்னாளப்பட்டியில் சேலைகளை எடுத்துக் கட்டுக்கட்டாகக் காரில் போட்டுக்கொண்டு நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, தேனி என்று கடை கடையாகக் கொடுத்துவிட்டு வருவார். மீதிப்பேருக்கு அவர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் கிடைப்பார்கள் என்று பாக்கியம் சொல்லும்.

ரவிக்கைத் துணி கிழிக்கும்போது அவர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அளவுக்கோல் முடிகிற இடத்தில் கிழிக்க மாட்டார். ஒரு விரலை வைத்து, அதற்கு அந்தப் பக்கம் கிழிப்பார். ஒரு தடவை நான், "மாப்ள, இப்படி ஊருக்கெல்லாம் விரல் விரலாக் குடுத்தா பாக்கியத்துக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டேன். அவர் கிழித்த துணியை மடித்துக்கொண்டே, "தச்சுப் பாக்கறப்ப பத்தலைன்னா அந்தப் பொம்பள மனசு என்ன பாடுபடும் மச்சான்? ஒரு விரலு இருக்கட்டும்" என்றார். எதிலும் ஒரு விரல் மிச்சம் வைக்கிற மனிதர் அவர். பேச்சில், சாப்பாட்டில், கோபத்தில்கூட.

காரிலும் அப்படித்தான். அந்த வெள்ளைக் காரை அவர் வாங்கிய அன்றே பாக்கியம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டது: அறுபதுக்கு மேல் போகக் கூடாது. அவரும் சரி என்றார். சரி என்றால் அவருக்குச் சரிதான். மீட்டரில் முள் அறுபதைத் தொட்டதும் அவர் கால் தானாகத் தளரும். 

ஒருமுறை பழனிக்கு அவரோடு போனேன். ஒட்டன்சத்திரம் தாண்டிய நல்ல ரோடு. எங்களைப் பேருந்து முந்தியது, காய்கறி வேன் முந்தியது, கல்யாண வீட்டு வேன் ஒன்று உள்ளேயிருந்த பெண்கள் கையாட்ட முந்தியது. எனக்கு மானம் போயிற்று. நானெல்லாம் லோடு லாரியிலேயே நூறு தொட்டவன். (நூற்றிருபது என்று வேறு இடத்தில் சொல்லியிருப்பேன். அது இறக்கம்.) "அழுத்துங்க மாப்ள, பின்னால பாதயாத்திர வர்றவங்க முந்திரப் போறாங்க" என்றேன். அவர் சிரித்தார். பிறகு விரலால் மீட்டர் கண்ணாடியைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

"முள்ளு அறுபதுல நின்னா நாம வீட்டுல போயி நிப்போம் மச்சான். அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

இதை அவர் பலரிடமும் சொல்லியிருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்த கார் சாஸ்திரம் இந்த ஒரு வரிதான். ரோட்டைப் பார்ப்பார், முள்ளைப் பார்ப்பார், மறுபடி ரோட்டைப் பார்ப்பார். முள்ளை அவர் நம்பியதுபோல நான் எந்த மனிதரையும் நம்பியதில்லை.

அவருடைய ஒரே மகன் கதிர், என் மருமகன். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலைக்குப் போனான். பொங்கலுக்கு வந்தவன் அப்பாவின் காரைச் சுற்றி வந்து பார்த்தான். பழைய இரும்புச் சக்கரங்கள், மேலே மூடின பிளாஸ்டிக் கப் இரண்டில் காணாமல் போயிருந்தது. "அப்பா, பெரிய மனுசன் சின்னப்புள்ள செருப்பப் போட்டு நிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றானாம். அடுத்த நாளே திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனான். தான் சம்பாதித்ததில் அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. சேலை எடுத்துக் கொடுக்க முடியாது, வீடே சேலையாகக் கிடக்கிறது. வேட்டி எடுத்துக் கொடுத்தால் அவர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். காருக்குச் செய்தால் தினமும் அதில்தானே போவார்?

பைபாஸ் பக்கத்துக் கடை. சுவரெல்லாம் பளபளவென்று அலாய் வீல் மாட்டியிருக்கும். பழையதைவிட இரண்டு இஞ்சு பெரிய சக்கரம் ஒன்றைக் கதிர் காட்டினான். கடைக்காரர் அதற்குப் பொருத்தமாக மெல்லிய டயரை எடுத்துப் போட்டார். சக்கரம் பெரிதானால் டயர் மெலிய வேண்டும், அப்போதுதான் மொத்த உயரம் பழையபடி நிற்கும். மாப்பிள்ளை அந்த டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இது தோச மாதிரில்ல இருக்கு. நம்ம ரோட்டுக் குழியில இரும்பு இடிச்சிரும். எனக்கு இட்லி மாதிரி வேணும்" என்றார். எதிலும் ஒரு விரல் கூடுதல் கேட்கிற மனிதர் அல்லவா? கதிர், அப்பா ஆசைப்படி இருக்கட்டும் என்றான். கடைக்காரர் தடித்த டயரையே மாட்டினார். மட்கார்டின் உள்பக்கம் இடித்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் சீவி எடுத்தார். பாரம் ஏற்றினால் லேசாக உரசும், பழகிவிடும் என்றார்.

அப்போதுதான் நான் சொன்னேன், மேலே எழுதியபடி. மாப்பிள்ளை என்னைப் பார்த்து முள் அறுபதைத் தாண்டாது மச்சான், பயப்படாதீங்க என்றார். நான்கு சக்கரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, கதிர்தான் வண்டியை எடுத்து நசுக்கினான். மூன்று நசுங்கின. இடது முன்சக்கரத்துப் பழம் நழுவி உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. இன்னொன்று வாங்கி வைக்கலாம் என்றதற்கு, மூணு போதும் என்று மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு அவரைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அவர் கொஞ்சம் மாறிப்போனாரா இல்லையா? வாழ்நாளில் உபயோகத்துக்கு மட்டுமே பொருள் வாங்கிய மனிதருக்கு, முதல்முறையாக அழகுக்கென்று ஒன்று கைக்கு வந்திருந்தது. டீக்கடையில் காரை நிழலில் நிறுத்தாமல் பார்வைக்குத் தெரிகிற மாதிரி நிறுத்த ஆரம்பித்தார். யாராவது விசாரித்தால், "மகன் போட்டு விட்டான்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல அவர் இரண்டாவது டீ குடித்துக் காத்திருப்பார்.

உரசல் இருந்தது. டிக்கியில் சேலைக்கட்டு முழுதாக ஏற்றினால் பின்பக்கம் தணிந்து டயர் மட்கார்டில் தட்டி முனகும். அதற்கு அவர் ஒரு வழி கண்டார். பாதிக் கட்டுகளைப் பின் சீட்டுக்கு மாற்றினார். காலையில் கிளம்பும் முன் நான்கு சக்கரத்திடமும் குனிந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்ப்பார். துணி அளக்கிற அதே விரல். ஒரு விரல் போனால் கிளம்புவார். போகவில்லையென்றால் ஒரு கட்டை இறக்கிவிட்டுக் கிளம்புவார்.

இன்னொன்று சொன்னார், அதை நான் மறக்க முடியாது. மாசி மாதம் என் வீட்டுக்கு வந்தவர் மோர் குடித்துக்கொண்டே, "ஏன்னு தெரியல மச்சான், இப்பல்லாம் நிலக்கோட்டைக்குச் சீக்கிரமாப் போயிடறேன். முந்தி பஸ் ஸ்டாண்டு போறப்ப கடை தெறந்திருப்பாங்க. இப்ப நான் போயி நின்னப்புறந்தான் ஷட்டரத் தூக்குறாங்க" என்றார். ரோடு புதிதாகப் போட்டிருக்கிறார்கள் அல்லவா என்றேன் நான். ஆமாமாம், அதுதான் என்றார். முள் அறுபதிலேயேதான் நின்றது, அதை அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

பிறகு அந்தக் காலை. வெளிச்சம் வந்தும் வராத நேரம். நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை ஏற்றிய வேன்கள் போகிற நேரம் அது. ரோட்டோரத்தில் டிராக்டர் டிரைலர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் பாதி தார் மேல் நின்றிருக்கிறது. டிராக்டர்காரர் இறங்கித் தள்ளி நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாராம். பின்னால் வந்த பூ வேன்காரர் பிறகு என்னை அந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டினார். மாப்பிள்ளை பார்த்துவிட்டார், பிரேக் போட்டுவிட்டார். தார் மேல் டயர் இழுத்த கறுப்புக் கோடு இருந்தது. அது டிரைலர் வரைக்கும் போய், அங்கே முடியாமல் அதற்கு அடியிலும் போனது. 

"இன்னும் ஒரு காரு நீளம் எடம் இருந்திருந்தா நின்னிருப்பாருண்ணே" என்றார் வேன்காரர். "என்கூடத்தான் வந்தாரு. வேகமால்லாம் வரல. என்னைய முந்தக்கூட இல்ல."

பின் சீட்டில் இருந்த சேலைக்கட்டுகள் முன்னால் வந்து அவர் முதுகில் விழுந்து கிடந்தன. அந்த நல்ல மனிதர் கட்டு ஒன்றை அவிழ்த்து, ஒரு சேலையை எடுத்து அவர் மேல் போர்த்தியிருக்கிறார். முடிச்சு அவிழ்க்காத சுங்குடி. கையால் கட்டியதுதான் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று முடிச்சோடு கொடுப்பார்களே, அது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்தச் சிறு முடிச்சுகள் எல்லாம் நனைந்து விறைத்திருந்தன. எத்தனையோ விபத்து பார்த்தவன் நான், ஒரிசா ரோட்டில் செய்யாத உதவி இல்லை என்று எத்தனையோ தடவை உங்களிடம் அளந்திருக்கிறேன். அந்தச் சேலையை விலக்க என் கை வரவில்லை. போலீஸ்காரர்தான் விலக்கினார்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூட்டம் நிறைந்துவிட்டது. நான் ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தலில்தான் அதைச் சொன்னேன்: கடையிலேயே சொன்னேன், கேட்கவில்லை. சொன்ன மாத்திரத்தில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மறுபடி கேட்டார்கள், மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு சாவை யாரும் காரணமில்லாமல் விட மாட்டார்கள். நான் காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

அது பந்தலைத் தாண்டி உள்ளே போனது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, கதிர் காதில் விழுகிற தூரத்திலேயே சொன்னாள்: "தாய்மாமன் படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்காரு. கேட்டானா? அப்பனுக்குச் சக்கரம் வாங்கிப் போட்டானாம், சக்கரம்." பாக்கியம் அதைக் கேட்டது. மகனைப் பார்த்தது. அதற்குப் பிறகு கதிர் கொண்டுவந்து நீட்டிய காப்பியை அது வாங்கவே இல்லை. நான் கொடுத்தபோது வாங்கிக்கொண்டது. கொள்ளி வைத்துவிட்டு வந்து மொட்டைத் தலையோடு அவன் வாசலில் நின்றான். உள்ளே வா என்று சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அந்த வீட்டில் தாயும் மகனும் ஒருவரோடொருவர் பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிடுகிறது. அவன் பாதி நாள் திறப்பதில்லை.

போன வாரம் அவனைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்தது. எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். விபத்தான வண்டிகளைப் போலீஸ் நிறுத்தி வைக்கிற இடத்துக்குப் போனேன். முன்பக்கம் இல்லாத அந்தக் காரின் பின்சக்கரத்தின் அருகே உட்கார்ந்திருந்தான். கையில் அப்பாவின் இஞ்சு டேப். டயரைச் சுற்றி டேப்பை ஓட்டி அளந்துகொண்டிருந்தான்.

"என்னலே பண்ற இங்க?" என்றேன்.

"முள்ளு பொய் சொல்லியிருக்கு மாமா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். அவன் டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சக்கரம் பெருசானா ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. பழைய சக்கரம்னு நெனச்சுத்தான் அது கணக்குக் காட்டும். முள்ளு அறுபதுல நிக்கறப்ப வண்டி அறுபத்தாறுல போயிருக்கு. அப்பா தாண்டல மாமா. அவரு முள்ளத்தான் பாத்துருக்காரு. நான் படிச்சதே இதத்தான். எனக்கு அன்னைக்குத் தோணவே இல்ல."

நிலக்கோட்டையில் ஷட்டர் தூக்குமுன் போய் நின்ற மாப்பிள்ளை என் கண் முன்னால் வந்து நின்றார். கையில் என் வீட்டு மோர் டம்ளர். 

அந்த ஆறு இல்லாவிட்டால் வண்டி நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. கதிருக்கும் தெரியாது. விளக்கில்லாத டிரைலருக்கு முன்னால் யார் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்? நான் இதை அவனிடம் சொல்ல வாயெடுக்கும்போது அவன் என்னைக் கேட்டான்.

"மாமா, கடையில நீங்க வேணாம்னு சொன்னப்ப நான் எங்க நின்னேன்?"

நான் அவன் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டினேன்.

"நட்டு முடுக்கறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். தெனமும் யோசிச்சுப் பாக்குறேன். நீங்க சொன்னது ஞாபகத்துலயே இல்ல. உங்க மூஞ்சிகூட வரல. கேட்டுருந்தா நான் நிறுத்திருப்பேன்ல மாமா? கேக்காத மாதிரி இருந்துட்டேனோன்னு இருக்கு. ஆசையில காது அடச்சுக்கிச்சோ என்னமோ."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மெஷினு சத்தமா இருந்துச்சுல்ல அப்பு" என்றேன். அவன் அதை நம்பித் தலையாட்டினான். நானே அவனை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டேன். இறங்கும்போது, படத்திறப்புக்கு நான் வர மாட்டேன் மாமா, அவரு படத்துக்கு முன்னாடி என்னால நிக்க முடியாது, நீங்க பாத்துக்கங்க என்றான். அவன் நடந்து உள்ளே போனான். அவன் அம்மா இருந்த அறைப் பக்கம் திரும்பாமல் போனான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது நான்கு சக்கரம். கழற்றிய பழைய இரும்புச் சக்கரங்கள், தேய்ந்த டயரோடு. எங்கள் கொட்டகையில் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. "வச்சிருங்க மச்சான். என்னைக்காச்சும் வண்டிய விக்கறப்ப இதத்தான் மாட்டிக் குடுக்கணும். கதிரு போட்டத நான் வச்சுக்குவேன்" என்று அவரே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவை. நேற்று அவற்றில் ஒன்றைத் துடைத்தேன். மட்கார்டு இல்லாத வெறும் காற்றில், டயருக்கு மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன். அவர் வைக்கிற மாதிரி. பிறகு எழுத உட்கார்ந்தேன். மேலே நீங்கள் படித்ததெல்லாம் அதற்குப் பிறகு எழுதியதுதான். ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. நூற்றிருபதையும் நாக்பூர் சர்தாரையும் நீங்கள் எப்போதும் கழித்துக்கொள்வீர்கள், அதை நான் சொல்லவில்லை.

அவர் சக்கரம் மாட்டிய நாளில் நான் திண்டுக்கல்லிலேயே இல்லை. கீரனூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் நடந்ததாக எழுதிய தோசையும் இட்லியும் எலுமிச்சம்பழமும் மாப்பிள்ளை பிறகு எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னவை. அதில் வேண்டாம் என்று சொன்ன குரலும் அதற்கு அவர் சொன்ன பதிலும் மட்டும் நான் சேர்த்தவை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை பழைய சக்கரங்களை இறக்க என் வீட்டுக்கு வந்தார். நான் காரை இரண்டு சுற்று சுற்றி வந்தேன். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தேன். "இப்பத்தான் மாப்ள இது காரு" என்றேன். ஒரு ரவுண்டு போகலாம் வாங்க என்று நானே ஏறி உட்கார்ந்தேன். ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியில், அழுத்துங்க மாப்ள, இம்புட்டுப் பெரிய சக்கரத்தப் போட்டுக்கிட்டு உருட்டுறீங்களே என்றேன். அவர் முள்ளைப் பார்த்தார். சிரித்தார். அழுத்தவில்லை.

இந்தத் தாளைப் படத்திறப்புக்கு முதல் நாளே அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதல் தாளைப் பாக்கியத்திடம் நானே படித்துக் காட்டுவேன். பிறகு அது காப்பியை என் தலையில் ஊற்றினாலும் சரி. இரண்டாவது தாள் கதிருக்கு. துணியை அவன்தான் விலக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் எனக்கு யாரும் இடம் விட வேண்டியதில்லை, நின்றே குடித்துக்கொள்கிறேன்.

அப்பு, கடையில் எங்கே நின்றாய் என்று இனி யோசிக்காதே. நீ அப்பா பக்கத்தில்தான் நின்றாய். மெஷின் சத்தம் எதையும் மறைக்கவில்லை. உன் காது அடைக்கவில்லை. என் முகம் உனக்கு ஞாபகம் வராதது சரிதான்.

நீ கேட்காமல் விட்டது எதுவும் இல்லை. நான் சொல்லவே இல்லை.